பியூக்கின் முதுகில் நாலு ஓட்டை

“அடைச்சிரலாமா அண்ணாச்சி?”

டிங்கர் தம்பி கையில் வெல்டிங் டார்ச்சோடு கேட்டபோது, “அடைச்சிரு” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழைய பியூக் காரின் பின்பக்கம், பம்பருக்குச் சற்று மேலே, தகட்டில் நாலு ஓட்டை. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நுழையும். சுற்றிலும் நசுங்கிய வளையம், அதாவது வாஷர் போட்டு இறுக்கிய தடம். கம்பெனியில் போட்ட ஓட்டை என்றால் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். இது கை டிரில்லால் குடைந்தது, பிசிறு பிசிறாக இருந்தது. மழைத்தண்ணீர் போகும், எலி போகும். எந்த டிங்கரும் அடைக்கத்தான் சொல்வான். நான் ஏன் “சாயங்காலம் பாத்துக்கிடலாம் தம்பி” என்றேன் என்பது எனக்கே தெளிவில்லை. சாப்பாட்டு நேரம் என்பதால்கூட இருக்கலாம்.

அந்தச் சாயங்காலம் வர எட்டு மாதம் ஆயிற்று.

என் பிழைப்பு மோட்டார் இன்சூரன்ஸ் சர்வே. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று மாவட்டத்திலும் முட்டிய வண்டி, உருண்ட வண்டி, முங்கிய வண்டி எல்லாவற்றையும் குனிந்து பார்த்து, ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே “மாற்று” அல்லது “சரிசெய்” என்று எழுதுவேன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி என்றால் 50 சதவீதம் தேய்மானம் கழிக்க வேண்டும். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. பத்து வருஷம் தாண்டிய வண்டியென்றால் இரும்புப் பாகத்திலும் பாதி போச்சு. ஆனால் இந்தக் கழிவையெல்லாம் சொல்கிற அதே மோட்டார் டாரிஃப் புத்தகத்தில், 31-12-1940-க்கு முன்னால் செய்த காருக்குத் தனியாக ஒரு விதி உண்டு. விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 25 சதவீதம் தள்ளுபடி. காரின் மதிப்பையும் இரண்டு தரப்பும் முதலிலேயே பேசி ஒப்புக்கொள்ளலாம். ஒவ்வொரு வருஷமும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்த புத்தகம், குறிப்பிட்ட ஒரு வயசு தாண்டியதும் எழுந்து நின்று கும்பிடு போடுகிறது. நான் இதைச் சொன்னால் ஆபீசில் யாரும் சிரிப்பதில்லை.

இந்த பியூக்குக்கு முன்னால் நான் ஒரு காரைக் கெடுத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்வது நியாயமில்லை. ஐம்பதுகளில் வந்த ஒரு மோரிஸ். சும்மா கிடைத்த மாதிரி விலையில் கிடைத்தது. துரு எடுக்க ஒரு பட்டறையில் விட்டு மணல் அடிக்கச் சொன்னேன். மணல் வேகமாகப் போய் மோதினால் மெல்லிய தகடு நெளியும் என்பது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியவில்லை. கதவு இரண்டும் கல்லிடைக்குறிச்சி அப்பளம் எண்ணெயில் விழுந்த மாதிரி பொங்கி வந்தன. அதைப் பட்டி போட்டு மூடி, பளபளவென்று இன்றைய காருக்கு அடிக்கிற மெட்டாலிக் பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டு, டாஷ்போர்டை வார்னிஷில் குளிப்பாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் “புதுசு மாதிரி இருக்கே!” என்றார்கள். ரொம்பப் பெருமையாக இருந்தது. ஒரு நாள் பின்சீட்டைத் தூக்கியபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சாம்பல் நிறம், கம்பெனி அடித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கார் எந்த நிறத்தில் பிறந்தது என்பதற்கு மிச்சமிருந்த சாட்சி அவ்வளவுதான். மற்றதை எல்லாம் நான்தான் காசு கொடுத்துச் சுரண்டி எறிந்திருந்தேன். அடுத்த வருஷமே அந்த வண்டியை விற்றுவிட்டேன்.

பியூக்கைப் பார்த்தது 2021-ல். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு ஊரில், டிராக்டர் கிளெய்ம் ஒன்றுக்காகப் போயிருந்தேன். டிராக்டர் நின்ற கொட்டாரத்தின் பின்கோடியில், உரச் சாக்குகளுக்குப் பின்னால், மரக்கம்பிச் சக்கரம் ஒன்று தெரிந்தது. பழைய மாட்டு வண்டி என்றுதான் நினைத்தேன். சாக்கை நகர்த்தினால் கருப்பு மட்கார்டு. அதற்கு மேலே வட்ட ஹெட்லைட். அதற்குள் குளவிக்கூடு.

அது 1931 மாடல் பியூக், 60-ஆம் வரிசை. பியூக் கம்பெனி ஆறு சிலிண்டரை விட்டுவிட்டு எல்லா மாடலுக்கும் வரிசையாக எட்டு சிலிண்டர் வைக்க ஆரம்பித்தது அந்த வருஷத்தில்தான். எஞ்சின் சுமார் நாலரை லிட்டர், 90 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் நிறைய கார்களுக்கு வால்வு பக்கவாட்டில் இருக்கும்; பியூக் விடாப்பிடியாகத் தலைமேல் வைத்தது. பிரேக் கம்பியிலும் ராடிலும் இழுபடுவது. எண்ணெயில் அமுங்கும் பிரேக் பியூக்குக்கு 1936-ல்தான் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை போட்டுவிட்டதால், அந்தக் கம்பெனிக் கார்கள் நம் பக்கத்து மிராசுதார் வீடுகள் வரை வந்து சேர்ந்தன. ரோல்ஸ் ராய்ஸ் ராஜாக்களின் கார். பியூக் அதற்கு ஒரு படி கீழே, ஆனால் ஊரே தெருவுக்கு வந்து பார்க்கிற கார். (பிற்பாடு இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்டே கனடாவில் செய்த பியூக்கில் போனார். எனவே அந்தப் படியும் அவ்வளவு உயரமில்லை.)

வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். விற்பீர்களா என்று கேட்டேன். “விக்கதுக்கு இல்ல. ஆனா நீங்க சரிபண்ணுகதா இருந்தா பண்ணுங்க தம்பி, நான் உசிரோட இருக்கப்பவே பண்ணுங்க” என்றார். செலவில் பாதி அவருடையது, பாதி என்னுடையது, கார் அவருடையது. என் வீட்டில் இந்த ஒப்பந்தத்தை இன்றைக்கும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். இங்கே விண்டேஜ் கார் மெக்கானிக் என்று தனியாக யாரும் இல்லை. சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ தான் போக வேண்டும் என்றார்கள். போகவில்லை. நமக்கு வேண்டிய கைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன, அவற்றுக்குக் கார் வேலை என்று பெயரில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் பியூக்கின் பாடி ஃபிஷர் கம்பெனி செய்தது. வெளியே தகடு, உள்ளே மரச்சட்டம். தொண்ணூறு வருஷத்தில் அந்தச் சட்டத்தின் அடிக்கட்டையைக் கரையான் ருசி பார்த்திருந்தது. கார்பென்டர் என்று வந்த முதல் ஆள் சட்டம் மொத்தத்தையும் பிரித்துப் புதுசாகப் போடலாம் என்று எஸ்டிமேட் கொடுத்தார். என் தொழில்புத்தி “மாற்று” என்று எழுதக் கை நீட்டியது. அப்புறம் தேர் வேலை செய்கிற ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் கையில் சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு கட்டையை ஓர் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ணங் ணங் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் பொத்தென்று மாறியது. அங்கே சாக்பீசால் கோடு போட்டார். மறுபுறமிருந்து தட்டி இன்னொரு கோடு. “இந்த ரெண்டடிதான் செத்துப்போச்சு. மிச்சம் நம்ம ரெண்டு பேரையும் விட நல்லா இருக்கு” என்றார். செத்த பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, அதே சாய்வில் புதுக்கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படுக்கிற மாதிரி இணைத்துப் போல்ட் போட்டார். கட்டைக்குக் கல்லிடைக்குறிச்சியில் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்கு உத்திரம். நூறு வருஷம் ஓட்டுக்கு அடியில் காய்ந்த மரம் இனிமேல் சுருங்கப் போவதில்லை. சக்கரத்தின் மர ஆரங்கள் காய்ந்து கிறீச்சிட்டதற்கு மட்டும் அவர் சொன்ன வைத்தியம் எனக்கு ஒப்பவில்லை. வண்டிச் சக்கரத்தைக் குளத்தில் ஊறப்போடுகிற மாதிரி போடுவோம் என்றார். தண்ணீரில் உப்பும் மரம் காய்ந்தால் முன்னைவிட அதிகமாகத் தொளதொளக்கும். ஆளி விதை எண்ணெயை மூன்று வாரம் தடவித் தடவி ஊறவைத்தோம். அவருக்கு அதில் வருத்தம்தான்.

எஞ்சின் வேலைக்குத் திருநெல்வேலிப் பேட்டை. அங்கே ரைஸ் மில் எஞ்சின், பம்ப் செட் எஞ்சின் என்று லேத் பட்டறையில் ஐம்பது வருஷம் நின்ற ஒரு அண்ணாச்சி. இந்தக் காலத்து எஞ்சினுக்கு பேரிங் என்றால் கடையில் போய் ஷெல் வாங்கி மாட்டுவது. பியூக்குக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் என்கிற சுழல்தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் வாய்க்குள்ளேயே ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி, ஆறியபின் கடைந்து, கிராங்குக்குப் பொருத்த வேண்டும். ஒயிட் மெட்டல் என்பது முக்கால்வாசிக்கு மேல் வெள்ளீயம், கூடக் கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. எட்டு ராடு.

அந்தப் பகல் முழுக்க நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய உலோகத்தை உருக்கி வழித்தெடுத்தார். ராடின் வாயைத் தேய்த்து, அமிலம் தடவி, முதலில் மெல்லிசாக ஈயம் பூசினார்; அந்தப் பூச்சு பிடிக்கவில்லையென்றால் ஊற்றுவது எல்லாம் பின்னால் ஓடு மாதிரி கழன்று வந்துவிடும். நடுவில் நிற்கும் இரும்பு உருளையில் உலோகம் ஒட்டக்கூடாதே, அதற்கு மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி அந்தச் சுடரின் கரியை உருளை முழுக்கப் படியவிட்டார். உலோகத்தின் சூட்டைப் பார்க்க மீட்டர் கிடையாது. ஒரு தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு எடுத்தார். ஈர்க்கு பழுப்பானால் பதம். தீப்பிடித்தால் சூடு அதிகம், ஈயம் கருகிவிடும். ஈர்க்கு பழுத்தது. கரண்டியை ஒரே மூச்சில், கை நடுங்காமல், இடையில் நிறுத்தாமல் சாய்த்தார். நிறுத்தினால் நடுவில் மடிப்பு விழும். எட்டில் ஒன்று மடிப்பு விழுந்தது. பேசாமல் அதை உருக்கி மறுபடி ஊற்றினார். அடுத்த பத்து நாள் புளூ மை தடவி, கிராங்கில் வைத்துச் சுற்றி, மை அழிந்த மேட்டை மட்டும் ஸ்கிராப்பரால் வழித்து, மறுபடி மை.

அவர் கையில்தான் ஓட்டைக்கு விடை கிடைத்தது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கும், அதை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் தடித்த இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. பக்கவாட்டில் அதற்கு ஒரு குழாய் வாய். தகடு வைத்து அடைத்திருந்தது. மார்வெல் கம்பெனிக் கார்புரேட்டரே ஒரு கோமாளி, அதில் இதுவும் ஒரு கோமாளித்தனம் என்று நான் விட்டுவிட்டேன். அண்ணாச்சி தகட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். கன்னங்கரேல் என்று தார். மோந்து பார்த்தார்.

“வே, இது கரி கேஸ் குடிச்ச எஞ்சின்வே.”

அவருடைய அப்பா காலத்தில் ரைஸ் மில்லுக்கே கரி கேஸ் எஞ்சின்தான். அந்த வாசனை அவருக்கு மறக்கவில்லை. “பின்னால உலை மாட்டியிருப்பானுவ. ஓட்டை இருக்கும் பாரும்” என்றார். நான் அவரிடம் ஓட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கவே இல்லை.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1941-ல், பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸும் லாரியும் வசதியுள்ளவர்களின் காரும் முதுகில் இரும்பு உலையைக் கட்டிக்கொண்டு ஓடின. உலையில் மரக்கரியைப் போதாத காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை வடிகட்டி, குழாய் வழியே எஞ்சினுக்குக் கொண்டுபோனால் பெட்ரோல் மாதிரியே வெடிக்கும், ஆனால் சோகையாக. எஞ்சினின் வலு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். மதுரை டி.வி.எஸ். கம்பெனி இந்த கேஸ் பிளான்ட்டைச் செய்து விற்றது. கரிக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? தெற்கே போனால் குடை விரித்த மாதிரி உடைமரம்.

அன்றைக்கு இரவே ஆச்சி வீட்டுக்கு வண்டியை விட்டேன். நாலு ஓட்டையின் படத்தை போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அடுப்பு வச்சிருந்த எடம்லா அது! டிரைவரு விடியக்காலம் தீ மூட்டி அரைமணி நேரம் விசிறிக்கிட்டே கெடப்பாரு. கரி கனிஞ்ச பொறவுதான் வண்டி கெளம்பும். பின்சீட்டுல எங்களுக்குத் தலைவலி வந்துரும், கண்ணாடிய எறக்கு எறக்குன்னு அம்மா சத்தம் போடுவா. பாபநாசத்துக்கு அமாவாசைக்குப் போனா கடைசி மேட்டுல வண்டி மூச்சு வாங்கும். எல்லாரும் எறங்கி நடப்போம். தாத்தாவும் நடப்பாவ.”

ஆச்சிக்கு அப்போது ஐந்தாறு வயது. எட்டு சிலிண்டர் பியூக் பின்னால் புகைய, மிராசுதார் வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு மேட்டில் நடக்கிறார். இந்தக் காரைப் பற்றி அமெரிக்காவில் அச்சான எந்த மேனுவலிலும் இது இருக்காது. டார்ச்சை வைத்திருந்தால் பத்து நிமிஷ வேலை, நாலு ஓட்டையும் போயிருக்கும். தலைவலிக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு என்று ஆச்சியிடம் நான் சொல்லவில்லை. தப்பிப் பிழைத்தவரிடம் எதற்கு.

ஃபீவா என்று பழைய வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று உண்டு. அவர்களின் டூரின் சாசனமும், காரைப் புதுப்பிப்பதைவிட இருப்பதைக் காப்பதற்குத்தான் முதலிடம் கொடுக்கிறது. ஆனால் சாசனத்தைக் காட்டி டிங்கர் தம்பியை மடக்க முடியாது. அவனுக்கு ஒரு படம் காட்டினேன். 2024-ல் அமெரிக்காவின் பெபிள் பீச் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய 1934 புகாட்டி டைப் 59. பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த கார். மினுக்காமல், பழைய கருப்புப் பெயின்டோடு, இருந்தபடியே காப்பாற்றிய ஒரு கார் அங்கே முதல் பரிசு வாங்கியது அதுதான் முதல் தடவை. தம்பி பெரிதாக்கிப் பார்த்தான். “சுரண்டி சுரண்டி கெடக்கே அண்ணாச்சி. இதுக்கா பரிசு?” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப நமக்கு என்ன சோலி?” என்றான். நியாயமான கேள்வி. பெயின்ட் அடிக்காமல் இருப்பதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அவனுக்கு வேலை கொடுத்தேன்: மட்கார்டின் உள்பக்கத் துருவைக் கையால் எடுப்பது, மணல் கூடாது, வெளிப் பெயின்டை மெல்லிய சோப்புத் தண்ணீரில் கழுவி மெழுகு தேய்ப்பது. கதவின் கீழ்மூலையில் ஓர் இடத்தில் மட்டும் வழித்துப் பார்த்தான். பச்சை, அதற்கு அடியில் கருப்பு, அதற்கு அடியில் கருநீலம். மூன்று வளையத்தையும் அப்படியே விட்டுவிட்டோம்.

மாற்ற வேண்டியதை மாற்றினேன், அதில் எனக்கு வீம்பு கிடையாது. கார்புரேட்டரின் மிதவை கார்க்கில் செய்து அரக்குப் பூசியது. இன்றைக்கு பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் ஆசாரி மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார். அதே கரைசல்தான் கார்புரேட்டருக்குள்ளும் நடக்கும். அரக்கு போனால் கார்க் பெட்ரோலைக் குடித்து முங்கும், பெட்ரோல் பொங்கி வழியும். எத்தனால் தாங்கும் மிதவை ஒன்றை வரவழைத்துப் போட்டேன். பழையது ஊறுகாய் பாட்டிலில் பத்திரமாக இருக்கிறது. ரப்பர் குழாய் எல்லாம் புதுசு. வயரிங்கும் புதுசு, அதிலும் ஒருமுறை புகை வந்தது: 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டுவிட்டார்கள். வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பாகும், கேபிள் தடிமனாக இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழை வேலையை நிறுத்தியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அடுத்த இரண்டு மாதம் நான் முங்கிய கார்களுக்கு மத்தியிலேயே வாழ்ந்தேன். ஒரு வருஷம்கூட ஓடாத வண்டி, சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டருக்குள் சகதி புகுந்ததால் “டோட்டல் லாஸ்” என்று எழுதிக் கொடுத்தேன், நாளுக்கு ஐந்தாறு. கொட்டாரத்துக்குள்ளும் பியூக்கின் சக்கரக் குடம் வரைக்கும் தண்ணீர் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாலு சக்கரத்தையும் கழற்றி, பழைய கிரீசை வழித்துப் புதுசு வைத்து, ஆக்சில் ஆயிலை மாற்றினோம். தீர்ந்தது.

காகித வேலை நினைத்த அளவுக்கு மோசமில்லை. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது: முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அடிப்படையை மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய், ‘வி.ஏ.’ எழுத்து போட்ட நம்பர், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆச்சி வீட்டுப் பத்திரப் பெட்டியில் பழைய பதிவுப் புத்தகம் இருந்ததால் நம்பர் தப்பியது. தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று மட்டும் ரோட்டில் இறக்கலாம். ஓடாமல் நின்றால் பிரேக் இறுகும், டயரில் ஒரே இடம் தட்டையாகும், டாங்கில் துரு பூக்கும். ஆகவே மாதம் ஒருமுறை பராமரிப்பு ஓட்டம்.

ஓட்டைக்கு என்ன செய்தோம் என்றால், டிங்கர் தம்பியே ஒரு வழி கண்டுபிடித்தான். நாலு ரப்பர் மூடி, உள்பக்கமிருந்து அமுக்கினால் நிற்கும், இழுத்தால் வரும். எலி போகாது.

போன தை மாதம், முதல் நீண்ட ஓட்டத்துக்கு ஆச்சியும் வந்தார். பின்சீட்டில் வலது ஓரம். சின்ன வயசில் அவருடைய இடம் அதுதானாம். விக்கிரமசிங்கபுரம் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். பாபநாசத்துக் கடைசி மேடு வந்தது. நான் கியரைக் குறைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் ஆச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவுப் பிடியில் கை வைத்திருந்தார்.

“எறங்க வேண்டாமா தம்பி?”

“வேண்டாம் ஆச்சி. இது பெட்ரோல்லதான் ஓடுது.”

“சரி” என்றார். ஆனால் மேடு முடிகிற வரை கையை எடுக்கவில்லை.